திருப்பி அடித்த பெட்பேன்

சொட்டுக்காரரின் சட்டைப் பையில் பேனா இருக்காது. கண்ணுக்கு மருந்து விடுகிற மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பிதான் இருக்கும். அதில் இருப்பது வெறும் தண்ணீர். இரும்போ எவர்சில்வரோ அலுமினியமோ, உலோகம் என்று எது கண்ணில் பட்டாலும் அதன் மேல் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் அவர் கை சும்மா இருக்காது. சொட்டு உருண்டு ஓடினால் முகம் மலரும். படர்ந்து உட்கார்ந்துவிட்டால் "ம்ஹூம்" என்று தலையை ஆட்டி, கைக்குட்டையால் துடைத்துவிட்டு நகர்வார். லிஃப்ட் கதவு, பஸ் கம்பி, வங்கிக் கவுண்டர் எதையும் விட்டதில்லை. ஒரு சாவு வீட்டில் சவப்பெட்டியின் கைப்பிடியில் சொட்டு விட்டு, அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்ததும் உண்டு. "நல்ல பித்தளைதான், ஆனா பூச்சு இல்ல" என்று அவர்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார்.

அவருடைய வேலை அப்படி. ஒரு பழைய பிஸ்கட் தொழிற்சாலையின் பின்கட்டில் இருக்கும் சின்னப் பட்டறையில், உலோகத்தின் மேல் தண்ணீர் ஒட்டாத பூச்சு அடிப்பவர் அவர். ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரத்தை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு பொடியான நானோ துகள்களைப் பசைத் திரவத்தில் கலக்கி, ஸ்ப்ரே கன்னால் தகட்டின் மேல் தூவி, ஓவனில் சுட்டு எடுப்பார்கள். அப்போது தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு முள்காடு உண்டாகிவிடும். தண்ணீர்ச் சொட்டு அந்த முட்களின் நுனியில்தான் நிற்க முடியும். கீழே இறங்க வழியில்லாமல் பந்தாகச் சுருண்டு, தகட்டைச் சற்றே சாய்த்தாலும் ஓடிவிடும். பூச்சு கண்ணுக்குத் தெரியாததால், அடித்த தகடு எது, அடிக்காத தகடு எது என்று சொட்டு விட்டுத்தான் சொல்ல முடியும். குப்பி பைக்கு வந்தது அப்படித்தான். வந்தது போகவில்லை.

தண்ணீரோடு அவருக்கு இருந்த பகை பழையது. பிறந்ததே ஒழுகும் வீட்டில். மழைக்காலத்தில் தலைமாட்டில் ஒரு வாளி, கால்மாட்டில் ஒரு வாளி, நடுவில் அவர். வளர்ந்து குடை ரிப்பேர் செய்தார், அதில் வயிறு நிறையவில்லை. கார்களுக்குப் பெயின்ட் அடித்தார், அதில் இருமல் வந்தது. கடைசியில் பூச்சுப் பட்டறைக்கு வந்து, முதல் முறையாக ஒரு சொட்டுத் தண்ணீர் தகட்டில் இடம் பிடிக்க முடியாமல் ஓடுவதைப் பார்த்தபோது, சின்ன வயதில் தன்னை நனைத்த தண்ணீருக்கெல்லாம் ஒரே நாளில் பதில் சொன்ன மாதிரி இருந்தது அவருக்கு.

ஒரு குறைதான். பூச்சு தாங்காது.

அடித்த அன்று அற்புதமாக இருக்கும். உப்புத்தாளை எடைக்கல்லின் அடியில் ஒட்டி, தகட்டின் மேல் இழுத்துப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்திலேயே முள்காடு மொட்டையாகிவிடும். சொட்டு அகலமாகக் கால் நீட்டி உட்கார்ந்துவிடும். பட்டறை முதலாளி ரசாயனத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய பெண்மணி. எல்லோருக்கும் மேடம். அவரும் என்னென்னவோ செய்து பார்த்தார். பசையை மாற்றினார். தகட்டின் மேல் மணல் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கினார், மெல்லிய தகடு அப்பளமாக வளைந்தது. அமிலத்தில் ஊறவைத்தார், திட்டுத் திட்டாகப் பொரிந்தது. ஒவ்வொரு தோல்விக்கும் பின்பக்கம் போய்க் காலி டின் ஒன்றை உதைத்துவிட்டு வருவார். டின் நசுங்கிய லட்சணத்தைப் பார்த்தே அன்றைய ரிசல்ட்டைச் சொல்லிவிடலாம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் சொட்டுக்காரரின் கட்டில் பறிபோனது.

அவர் மாமனார் கிரேன் ஓட்டியவர். வேலைக் காலம் முழுக்க மேகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, இரண்டு விரல்களால் கட்டடங்களைத் தூக்கி வைத்தவர். ஒரு கீறல் விழுந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு, பல்பு மாற்றுவதற்காக முழங்கால் உயர முக்காலியில் ஏறி, அதிலிருந்து விழுந்து, இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்ததும், மனைவியை இழந்தவர் தனியாக இருக்க முடியாது என்று மகள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

வீடு என்றால் மூன்றாவது மாடியில் ஒரு படுக்கையறை, ஒரு அகலமான சமையலறை. கழிப்பறை படுக்கையறையை ஒட்டி. அதனால் கட்டில் மாமனாருக்கு என்று ஆனது. அருகில் மடக்குக் கட்டில் போட்டு மகள் படுத்தாள். சொட்டுக்காரருக்குச் சமையலறைத் தரை. தலைமாட்டில் ஃபிரிட்ஜ். அது கிழவன் கனைப்பதைப் போலக் கனைத்துவிட்டு ஓட ஆரம்பிக்கும், அவர் கண் மூடும்போது நிற்கும், நின்ற அதிர்ச்சியில் அவர் விழித்துக்கொள்வார். முதுகு வாழைப்பழமாக வளைந்து போயிற்று. எலும்பு கூடியதும் கட்டில் திரும்பிவிடும் என்ற ஒரே நம்பிக்கையில் படுத்திருந்தார்.

எலும்பு கூடியது. மாமனார் எழுந்திருக்கவில்லை.

உடற்பயிற்சி சொல்லித்தர வரும் பிசியோ பெண் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, "ஐயா, எலும்பு ஜம்முனு கூடிருச்சு. வாக்கரைப் பிடிச்சு நடங்க. படுத்தே இருந்தா சதை கரைஞ்சுடும்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள். அவர் ஒவ்வொரு முறையும் நெற்றியில் கை வைத்து, "தலை சுத்துதும்மா" என்றார். கூண்டில் ஆடாத தலை மெத்தையில் சுற்றியது.

உண்மை வேறு. கிரேனில் இருந்த காலமெல்லாம் கீழே நிற்பவன் காட்டும் கைச் சைகைக்குக் கட்டுப்பட்டவர் அவர். இப்போது சைகை காட்டும் முறை தனக்கு வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். ஆள்காட்டி விரலை மேல்நோக்கிச் சுழற்றினால் தலையணையை உயர்த்த வேண்டும். கீழ்நோக்கிச் சுழற்றினால் இறக்க வேண்டும். முஷ்டியை மூடினால் அப்படியே நிற்க வேண்டும், சூப்புக் கரண்டி வாய்க்கு அருகில் இருந்தாலும் சரி.

சமையலறை ஜன்னலுக்கு எதிரே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதில் ஒரு மஞ்சள் கிரேன். படுக்கையறையிலிருந்து அது தெரியாது. தினமும் மாலை மாமனார் கேட்பார்: "மாப்ளே, அவன் இன்னிக்கு எந்தப் பக்கம் நிக்குறான்?"

"வடக்க பாத்து நிக்குறான் மாமா."

"காத்து எங்கருந்து?"

"அது தெரியல."

"பின்ன என்னத்தப் பாத்தீங்க? தண்ணிய விரட்டுற வேலைக்குப் போனா காத்து எப்படித் தெரியும்."

"நீங்களே எழுந்து வந்து பாருங்களேன் மாமா. நாலு எட்டுதான்."

மாமனார் நெற்றியில் கை வைத்துக்கொள்வார்.

எல்லாத் தேவைக்கும், படுத்தபடியே கழிக்க இடுப்புக்குக் கீழே வைக்கும் பெட்பேன்தான். ஆண்களுக்கென்று பாட்டில் இருக்கிறதே என்று பிசியோ பெண் சொன்னதற்கு, "பாட்டில்ல குடிச்சுத்தான் பழக்கம்" என்று முடித்துவிட்டார். மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் பேன் ஒன்று இருந்தது. அது வழுக்குகிறதாம். தன் கனத்துக்கு எவர்சில்வர்தான் சரி என்று ஒன்றை வாங்க வைத்தார். அவரை அடிபடாத பக்கமாகப் புரட்டி, விளிம்பை வெந்நீரில் காட்டித் துடைத்த பேனை இடுப்பின் கீழ் பொருத்தி, மறுபடி மல்லாக்கப் புரட்டுவது மகளின் வேலை. ஜில்லென்று வைத்தால் அவர் முஷ்டியை மூடிவிடுவார். பிறகு காரியம் நடக்காது.

மகள் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவள். கோபத்தை வாயால் காட்ட மாட்டாள், கையால் காட்டுவாள். அப்பாவின் மேல் வந்த கோபமெல்லாம் பேனுக்குப் போயிற்று. கம்பி நாரும் துலக்கும் தூளும் வைத்து, வட்டம் வட்டமாக, குளியலறைச் சுவர் அதிரும்படி தேய்த்தாள். வாங்கும்போது முகம் பார்க்கலாம் போலிருந்த பேன், மாதங்கள் போகப் போகப் பளபளப்பெல்லாம் இழந்து மங்கலாகிவிட்டது. அவள் விரல் நுனிகளும் வெடித்துவிட்டன. துணியைத் தைக்கையில் நூல் வெடிப்பில் மாட்டியது.

ஒரு நாள் கையைக் கணவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாருங்க. ஊர்ல இருக்குற தகட்டுலல்லாம் தண்ணி ஒட்டாம செய்யறீங்க. நம்ம வீட்ல ஒண்ணே ஒண்ணு ஒட்டாம இருந்தா ஆகாதா?"

அவள் சும்மா குத்தலாகத்தான் சொன்னாள். சொட்டுக்காரர் அதை ஆர்டராக எடுத்துக்கொண்டார்.

யோசிக்காமல் இல்லை. பேன் சுலபமாகிவிட்டால் மாமனார் இன்னும் சுகமாகப் படுத்துவிடுவார், கட்டில் இன்னும் தள்ளிப்போகும். ஒரு பக்கம் தன் முதுகு, ஒரு பக்கம் மனைவியின் விரல். விரல் ஜெயித்தது. அவர் நல்ல மனிதர்தான்.

"பேன்ல ஒரு ஓட்டை தெரியுது, பட்டறைல பத்தவெச்சுட்டு வரேன்" என்று சொல்லி, பேனைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார். மாமனார் ஒரு நாள் பிளாஸ்டிக்கைப் பொறுத்துக்கொள்ளச் சம்மதித்தார், முனகலோடு. சாப்பாட்டு நேரத்தில் மேடம் வெளியே போயிருந்தார். அன்று காலை ஒரு கலவை வழக்கம்போல் உப்புத்தாளிடம் தோற்றிருந்தது. அதன் மிச்சம் குவளையில் இருந்தது. பேனை நன்றாகக் கழுவி உலர்த்தி, உள்ளும் புறமும் ஒரே சீராகத் தூவி, மற்றத் தகடுகளுக்கு நடுவே ஓவனில் வைத்தார். சுட்டு எடுத்து ஒரு சொட்டு விட்டார். அது பேனின் உள்வளைவில் குழந்தை சறுக்குமரம் ஏறிய மாதிரி ஓடி, எதிர்ப்பக்கம் ஏறி, திரும்பி வந்து, மறுபடி ஏறியது. சொட்டுக்காரர் ஒரு டம்ளர் ஊற்றிக் கவிழ்த்தார். ஈரத்தின் சுவடு இல்லை. இனி தேய்ப்பே வேண்டாம் என்று மகிழ்ந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

சொட்டு எப்படி நடந்துகொள்ளும் என்று அவருக்குத் தெரியும். பீய்ச்சி வரும் தண்ணீர் எப்படி நடந்துகொள்ளும் என்று அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. பட்டறையில் அந்தச் சோதனை கிடையாது.

மறுநாள் காலை அவர் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் படுத்திருந்தபோது படுக்கையறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. கப்பல் கிளம்பும்போது வரும் சத்தம் அது.

"யார்ரா அது திருப்பி அடிக்கிறது."

ஓடினார். மாமனார் முழங்கையை ஊன்றிப் பாதி எழும்பியிருந்தார். பேனுக்குள் போனதில் பெரும்பகுதி உள்ளே தங்கவில்லை. விழுந்த வேகத்திலேயே தெறித்து, தெறிக்காதது வளைவில் ஓடி எதிர்ச்சுவரில் ஏறி, அங்கிருந்து உரியவரிடமே திரும்பி வந்திருந்தது. முத்து முத்தாகப் போர்வையிலும் பனியனிலும் மீசையிலும். மகள் கையில் துண்டோடு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அப்பா, அசையாதீங்க, எடுத்துடறேன்."

"எதை எடுப்ப? உள்ள ஒண்ணும் இல்லையே. எல்லாம் எம்மேலதானே இருக்கு."

இருந்தது கொஞ்சம். அதையும் எடுப்பது லேசாக இல்லை. பேனைத் தூக்கியதும் உள்ளே இருந்தது ஒரே உருண்டையாகத் திரண்டு அங்கும் இங்கும் ஓடியது. கயிற்றின் மேல் நடப்பவளைப் போல் ஒவ்வொரு அடியாக வைத்து அவள் கழிப்பறைக்குப் போனாள். வாசற்படியில் உருண்டை வெளியே குதித்துவிட்டது.

மாமனாரின் கண் மருமகனிடம் போனது. மருமகனின் கை அனிச்சையாகச் சட்டைப் பையைத் தொட்டது. கிரேன் ஓட்டியவருக்குத் தூரத்துக் கையசைவே போதும், இது பக்கத்தில்.

"மாப்ளே. இதுல என்ன பூசுனீங்க?"

"பாத்திரம் சுத்தமா இருக்கட்டும்னு, கொஞ்சம்..."

"பாத்திரம் சுத்தமாத்தான் இருக்கு. நான்தான் நாறுறேன்."

பிறகு நடந்ததை அந்த வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை. மாமனார் போர்வையை உதறினார். கட்டில் தாழ்வானது, நடுவில் குழி வேறு. இரண்டு தடவை எழ முயன்று பின்னால் சாய்ந்தார். மூன்றாம் தடவை மகளின் தோளைப் பிடித்து எழுந்தார். "அந்த வண்டிய இழு" என்றார். வாக்கர் வந்தது. அதைப் பிடித்து, வழியெல்லாம் பூச்சையும் பூசியவரையும் பூசச் சொன்னவளையும் வைதுகொண்டே நடந்து, கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தலை சுற்றியதாகத் தெரியவில்லை.

வெளியே நின்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நடந்துட்டார்" என்றாள் மனைவி.

"கட்டில்" என்றார் சொட்டுக்காரர்.

அன்றிலிருந்து மாமனார் பேனைத் தொடவில்லை. காலையும் மாலையும் நடந்தார். பிசியோ பெண் கண்ணை விரித்து, "என்ன மருந்து கொடுத்தீங்க?" என்று கேட்டாள். மகள் துண்டை மடிக்கப் போய்விட்டாள். இன்னும் கொஞ்சம் பலம் வந்ததும் தன் வீட்டுக்கே போய்விடலாம் என்றும் அவள் சொன்னாள். சொட்டுக்காரர் அன்று ஃபிரிட்ஜைப் பார்த்துச் சிரித்தார்.

மனைவிக்கு மட்டும் பேனின் மேல் வஞ்சம் தீரவில்லை. "நாளைக்கு யாருக்காவது தேவைப்படும். இதை இப்படியே வெச்சா அவங்க மூஞ்சியிலயும் அடிக்கும்" என்று பூச்சை எடுக்க உட்கார்ந்தாள். கம்பி நாரால் தேய்த்தாள். தண்ணீர் உருண்டது. தூள் போட்டுத் தேய்த்தாள். உருண்டது. புளித்த காடியில் ஊறவைத்தாள், கொதிக்கவைத்தாள், கத்தியால் சுரண்டினாள். குழாயைத் திறந்ததும் தண்ணீர் பந்து பந்தாகத் துள்ளி அவள் முகத்தில் அடித்தது.

"என்னங்க. உங்க பூச்சு ரெண்டு நாள் தாங்காதுன்னு சொல்வீங்களே. இது என்ன சனியன், போக மாட்டேங்குது."

சொட்டுக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். குளியலறைக்குப் போனார். குப்பியை எடுத்தார். கத்தி கீறிய இடத்தில் ஒரு சொட்டு விட்டார். ஓடியது. கம்பி நார் தின்ற இடத்தில் விட்டார். ஓடியது. அவர் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஈரத்துல உக்காராதீங்க" என்றாள் அவள்.

மறுநாள் செய்தித்தாளில் சுற்றிய பேன் மறுபடி பட்டறைக்குப் போனது. மேடத்தின் மேஜையில் அதை வைத்துச் சொட்டுக்காரர் பிரித்தார். இது என்ன என்று எப்படிச் சொல்வது என்று பஸ் பயணம் முழுக்க யோசித்தும் வழி பிடிபடவில்லை.

"மேடம், இதுல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க."

மேடம் விட்டார். புருவம் ஏறியது. எடைக்கல்லையும் உப்புத்தாளையும் எடுத்து இழுத்தார். சொட்டு விட்டார். ஓடியது. இன்னும் இழுத்தார். புதுத்தாள் மாற்றினார். கை வலிக்கும்வரை இழுத்தார். சொட்டு ஓடிக்கொண்டே இருந்தது. மேடம் பேனை இரு கையாலும் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, எத்தனை வருஷம். அழகா இருக்கு. என்ன வளைவு. ஏதோ பம்போட மூடியா இது?"

"இல்ல மேடம்."

"பின்ன?"

"வீட்டுச் சாமான்தான்."

"சமையலுக்கா?"

"சமையலுக்கு அப்புறம்" என்றார் சொட்டுக்காரர்.

மேடம் பேனின் வடிவத்தை இன்னொரு முறை நிதானமாகப் பார்த்தார். மெதுவாகக் கன்னத்திலிருந்து இறக்கினார். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "சரி, சொல்லுங்க" என்றார்.

திரவம் அதே தோற்றுப்போன கலவைதான். ஓவனும் அதே ஓவன்தான். அதே அடுக்கில் இருந்த மற்றத் தகடுகள் உப்புத்தாளில் செத்துவிட்டன. வேறுபாடு பேனில்தான் இருக்க வேண்டும். மேடம் அதைப் பெரிதாக்கும் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். மேலெல்லாம் நுண்ணிய கீறல்கள், வட்டத்தின் மேல் வட்டமாகப் பின்னியிருந்தன. கண்ணாடிக்கும் தெரியாத துகள்கள் அந்தப் பள்ளங்களுக்குள் பத்திரமாகப் பதுங்கியிருக்க வேண்டும். தேய்த்தால் பள்ளத்தின் கரைதான் தேய்கிறது, உள்ளே இருக்கும் முள்காட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இப்படி யார் தேய்ச்சாங்க?"

"என் வீட்டுக்காரி."

"எதை வெச்சு?"

"கம்பி நார், தூள், அப்புறம் கோபம்."

அன்று மாலையே மேடம் ஒரு கட்டு வெறுந்தகடுகளோடு மூன்று மாடி ஏறி வந்துவிட்டார். சொட்டுக்காரரின் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, களிம்பு தடவிய பத்து விரல்களையும் காட்டினாள்.

"நான் இனி எதையும் தேய்க்க மாட்டேன் மேடம். இவர் குடிச்ச டம்ளரையே இவர்தான் கழுவறார்."

"கொஞ்சம் மட்டும். எப்படிச் செஞ்சீங்கன்னு பாத்துக்கத்தான்."

"கோபம் வந்தாத்தான் வரும். இப்ப எங்கப்பா நடக்குறார். எனக்குக் கோபமே இல்ல."

சமையலறை நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக உட்கார்ந்திருந்த மாமனார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்து ஜன்னல் வழியாக மஞ்சள் கிரேன் தெரிந்தது, அதனால் நல்ல மனநிலையில் இருந்தார். மேடம் தானே கம்பி நாரை எடுத்து ஒரு தகட்டைத் தேய்க்கத் தொடங்கியதும் அவருடைய முஷ்டி மூடிக்கொண்டது. நிறுத்து.

"என்னம்மா இது, பூனைக்குட்டியத் தடவுற மாதிரி. குடு இங்க." தகட்டை மடியில் வைத்துக்கொண்டார். "முப்பது டன் தூக்குற கொக்கிக்கு நானே துரு எடுத்திருக்கேன். தோளிலேருந்து வரணும், மணிக்கட்டுலேருந்து இல்ல."

இருட்டும்வரை தேய்த்தார். படுத்துக்கிடந்த மாதங்களில் சும்மா இருந்த பலமெல்லாம் தோளில் இருந்தது. கை ஓயவில்லை, வாயும் ஓயவில்லை. ஒரு கட்டு முழுவதையும் முடித்துக் கொடுத்தார். அடுத்த நாள் பட்டறையில் பூச்சு அடித்துச் சோதித்தபோது ஒரு தகடுகூட உப்புத்தாளுக்கு அசையவில்லை. அன்று மேடம் பின்பக்கம் போகவில்லை. நசுங்காத டின் ஒன்று வெயிலில் நின்றது.

சாயங்காலம் மேடம் வீட்டுக்குத் தொலைபேசினார். சொட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார்.

"ஐயா, அந்த மாதிரி தேய்க்க மெஷின் செய்யக் கொடுத்திருக்கேன். ஆனா எந்த அழுத்தத்துல, எந்த வட்டத்துலன்னு அதுக்குச் சொல்லித்தர நீங்கதான் வரணும். அதுவரைக்கும் கையாலயும் செய்யணும். பட்டறைக்கு வர்றீங்களா?"

சொட்டுக்காரர் குறுக்கே புகுந்து கெஞ்சினார். "மேடம், மாமா தன் வீட்டுக்குப் போகணும்னு ஏங்கிட்டிருக்கார். தனியா இருந்தாத்தான் அவருக்கு நிம்மதி."

தொலைபேசியிலிருந்து மாமனாரின் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. "யார் சொன்னா? எங்க வீட்டுலேருந்து வர்றதுன்னா ரெண்டு பஸ் மாறணும். இங்கருந்து ஒண்ணுதான். நான் இங்கயே இருந்துக்கறேன்."

கட்டில் இரண்டாம் முறை பறிபோனது. இந்த முறை நிரந்தரமாக.

மாமனார் வேலைக்குப் போனார். பட்டறையில் அவருக்கென்று உயரமான, முதுகு சாயும் நாற்காலி ஒன்று போட்டார்கள். அதில் உட்கார்ந்து தகடு தேய்த்தபடியே விரலைச் சுழற்றி, மருமகனை வேலை வாங்கினார். மேல்நோக்கிச் சுழன்றால் தகட்டைக் கொக்கியில் மாட்ட வேண்டும். கீழ்நோக்கிச் சுழன்றால் இறக்க வேண்டும். வீட்டிலும் அவரே, பட்டறையிலும் அவரே. தெருவிளக்கு மூடி செய்யும் கம்பெனிக்காரர்கள் வந்து சாம்பிள் பார்த்துவிட்டு மகிழ்ந்து போனார்கள். முதலில் அவர்களுக்குக் காட்டியது எந்தப் பாத்திரம் என்று மேடம் கடைசிவரை சொல்லவில்லை. வீடு திரும்பியதும் மாமனார் "உழைச்ச முதுகு" என்று சொல்லிக் கட்டிலில் சாய்வார். சொட்டுக்காரர் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் சுருள்வார். அவரும் உழைத்தவர்தான். அதை யார் கேட்டார்கள்.

கிடந்து யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. தினமும் காலையில் மாமனார் அந்தக் கட்டிலிலிருந்து எழுவதைப் பார்க்கிறார். தாழ்வான கட்டில், நடுவில் குழி. இடுப்பு உடைந்தவர் முழங்காலை மேலே மடித்துப் பள்ளத்திலிருந்து கிளம்ப வேண்டியிருக்கிறது. பிசியோ பெண்ணிடம் கேட்டார். "அதை முதல்லயே சொன்னேனே. அவருக்கு முழங்காலுக்கு மேல உயரமா, கெட்டியா இருக்கணும். உக்காந்தா கால் தரைல பதியணும்" என்றாள். சொன்னாள்தான். அப்போது யாரும் காதில் வாங்கவில்லை.

பட்டறையில் கழித்துப்போட்ட குழாய்களையும் தகடுகளையும் மேடத்திடம் கேட்டு வாங்கினார். கார் வேலை பார்த்த காலத்தில் பற்றவைக்கப் பழகியவர். நல்ல உயரத்தில், பக்கத்தில் பிடித்து எழுவதற்குக் கம்பி வைத்து, ஒரு இரும்புக் கட்டில் செய்தார். அதைப் படுக்கையறையில் போடவில்லை. ஃபிரிட்ஜை மூலைக்குத் தள்ளிவிட்டு, சமையலறை ஜன்னலை ஒட்டிப் போட்டார். மேலே கெட்டியான மெத்தை. பிறகு அதில் தானே ஏறிப் படுத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"அடடா. ஒரு பீமைத் தூக்குறான் இன்னிக்கு. என்ன இப்படி ஆடுது."

படுக்கையறையில் மெத்தை கிரீச்சிட்டது. வாக்கர் தட்டும் சத்தம் நெருங்கி வந்தது.

"எங்க? தள்ளுங்க. ஆடுதா? அப்ப காத்து தெக்கேருந்து." மாமனார் கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். கால் தரையில் பதிந்தது. ஒரு முறை எழுந்து பார்த்தார், ஒரே மூச்சில் வந்தது. மறுபடி உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே தன் விரலை நீட்டி, தன்னைப் பார்க்க முடியாத தூரத்தில் இருந்த அந்தக் கிரேன்காரனுக்கு, மெதுவாக இறக்கு என்று சுழற்றிக் காட்டினார். பீம் மெதுவாக இறங்கியது.

"பாத்தீங்களா மாப்ளே. சொன்னா கேக்குறான்."

"இது எனக்குன்னு செஞ்ச கட்டில் மாமா" என்றார் சொட்டுக்காரர், முகத்தை மிகவும் தொங்கப்போட்டுக்கொண்டு.

"உங்களுக்கு எதுக்கு உயரம்? நீங்க போய் அந்தக் குழியில படுங்க."

சொட்டுக்காரர் உடனே தலையணையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்ற மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மடக்குக் கட்டிலை மடக்கிச் சுவரில் சாய்த்தாள். விரிப்பை மாற்றினாள். அவர் படுக்கப் போனபோது கையை நீட்டித் தடுத்தாள்.

"இருங்க. குப்பிய எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்க சொல்றேன். கட்டில் கம்பில விடுங்க. அந்தப் பக்கமும் விடுங்க. தலைமாட்லயும்."

அவர் குனிந்து, கட்டிலைச் சுற்றி ஒவ்வொரு சொட்டாக விட்டார். அவள் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். எல்லாச் சொட்டும் அகலமாகப் படர்ந்து, விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தன.

"சத்தியமா ஒண்ணும் பூசல" என்றார்.

"சரி, படுங்க" என்று விளக்கை அணைத்தாள். சமையலறையில் ஃபிரிட்ஜ் கனைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. கூடவே மாமனாரின் குரலும் வந்தது: "மாப்ளே, இந்தச் சத்தம் எப்பவும் இப்படியேதானா?"

சொட்டுக்காரர் குழிக்குள் வசதியாகப் புரண்டு படுத்துக்கொண்டார். அவர் தூங்கிவிட்டார் என்று மனைவி அப்பாவுக்குப் பதில் சொன்னாள்.